ஆறு நிமிஷம் முந்திய வானம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. அந்த ஓரத்தில் நிற்கிறவரும் வரலாம், இடம் இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்லப் போகிற கதையில் யாரும் சாக மாட்டார்கள், யாரும் ஓடிப்போக மாட்டார்கள். வானம் வரும். ஒரு மாமனார், ஒரு மாமியார், ஒரு மருமகள் வருவார்கள். அதிலும் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில் சேருகிற கதை. அடிக்கடி கிடைக்கிற சரக்கு இல்லை, கவனமாகக் கேளுங்கள்.

மருமகளுக்கு வேலை வானாராய்ச்சி நிலையத்தில். உடனே தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வேலை கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத பதிவு அறையில். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அவள் வானத்தையே பார்க்க மாட்டாள். பார்ப்பதெல்லாம் பழைய வானத்தைத்தான்.

அந்தக் காலத்தில் வானத்தைப் படம் எடுக்கக் கண்ணாடித் தட்டுதான். ஜன்னல் கண்ணாடி போல இருக்கும், ஒரு பக்கம் மருந்து பூசியிருக்கும். தொலைநோக்கியின் அடியில் செருகி, முக்கால் மணி நேரம் வானத்துக்குக் காட்டி, எடுத்துக் கழுவினால் நட்சத்திரமெல்லாம் கறுப்புப் புள்ளிகளாக விழுந்திருக்கும். பிறகு அதைக் காகித உறையில் போட்டு, எந்தத் திசை, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, எடுத்தவர் யார் என்று உறைமேல் எழுதி அலமாரியில் நிறுத்திவிடுவார்கள். இப்படி முப்பதாயிரம் தட்டு அந்த அறையில் நின்றது.

பழைய கண்ணாடி எதற்கு என்று கேட்பீர்கள். இன்றைக்கு ஒருத்தர் ஒரு நட்சத்திரம் மங்குவதைப் பார்க்கிறார் என்று வையுங்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இது எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வானத்தைத் திருப்பி ஓட்ட முடியுமா? அந்தத் தட்டுதான் சாட்சி. அதனால் எல்லாத் தட்டையும் ஸ்கேன் செய்து, உறையில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தப்பிருந்தால் திருத்தி, இனிமேல் வரப்போகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துப் பார்க்கும்படி ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. ஸ்கேனரில் ஒரு ஆள். நாள் முழுக்க "தூசி, தூசி" என்று ஊதிக்கொண்டே இருப்பதால் அவருக்குத் தூசி என்றே பேர். திருத்துகிற வேலை நம் மருமகளுக்கு.

உறையில் எழுதிய நேரம் சரியா தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? அதற்கு ஒரு வழி உண்டு. சூரியனைச் சுற்றுகிற குட்டிக் குட்டிப் பாறைகள் இருக்கின்றன, குறுங்கோள் என்பார்கள். நட்சத்திரம் போல நின்ற இடத்தில் நிற்காமல் அவை நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தப் பாறை எந்த வருஷம் எந்த நிமிஷம் எங்கே இருந்தது என்று இன்றைய கம்ப்யூட்டர் சொல்லிவிடும், பஸ் நேரப் பட்டியல் மாதிரி. உறையில் எழுதிய நேரத்துக்குப் பாறை எங்கே இருக்க வேண்டுமோ, தட்டில் அங்கேயே இருந்தால் நேரம் சரி. தள்ளி இருந்தால் தப்பு. பாறை பொய் சொல்லாது.

நேரம் துல்லியமாக இருந்தால் தட்டுக்கு 'அ' தரம். கொஞ்சம் சந்தேகம் இருந்தால் 'ஆ'. நம்ப முடியாவிட்டால் 'இ'. 'இ' வாங்கிய தட்டு பட்டியலில் ஏறாது, அலமாரிக்கே திரும்பிவிடும். பட்டியலில் இல்லாததை யார் தேடிவரப் போகிறார்கள்?

அப்படி எண்ணூற்று நாற்பது தட்டு 'இ' வாங்கக் காத்திருந்தது. எல்லாம் ஒரே ஆள் நாலு வருஷத்தில் எடுத்தவை. எடுத்தவர் வேறு யாருமில்லை, நம் மருமகளுடைய மாமனார்.

அவருக்கு வேலை செய்த இடத்தில் நொடி சார் என்று பட்டப்பெயர். இடது கையில் சாவி கொடுக்கிற கடிகாரம் ஒன்று. "உலகமே தப்பினாலும் இது ஒரு நொடி தப்பாது" என்பார். வீட்டில் வேறு கடிகாரம் மாட்ட விட்டதில்லை, மாட்டினால் இதற்கு அவமானமாம். இப்போது வயது எண்பத்தொன்று. மருமகள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தினம் ஒரே கேள்விதான்.

"ஏம்மா, என் தட்டுக்கு வந்தாச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கேன் மாமா."

"எனக்கும் வயசு வந்துக்கிட்டே இருக்கு. பட்டியல்ல ஏறினதும் காட்டு. அந்த நாலு வருஷம் தெற்குப் பக்கத்தை எடுத்தவன் நான் ஒருத்தன்தான். வேற எங்கயும் இல்ல."

அது உண்மை. மருமகளே சரிபார்த்துவிட்டாள். அந்தத் திசைக்கு அந்த நாலு வருஷத்தில் வேறு சாட்சி கிடையாது.

ஆனால் அவர் தட்டுகளில் பாறைகள் எல்லாம் ஆறு நிமிஷம் பின்தங்கி நின்றன. ஒன்று இரண்டு இல்லை, எல்லாமே. அவள் ஒரு கோட்டுப் படம் போட்டுப் பார்த்தாள். முதல் ஒன்றரை வருஷம் ஆறு நிமிஷத்தில் தட்டையாகப் போகிறது கோடு. பிறகு மூன்று மாசம் மெல்ல மெல்லச் சரிந்து, ஆறிலிருந்து சைபருக்கு வந்துவிடுகிறது. அப்பாடா, சரியாகிவிட்டது என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி ஒரே தாவலாக ஆறுக்கு ஏறுகிறது. கடைசி ஒரு வருஷம் ஒன்பது நிமிஷம். அதன் பிறகு மேலே மின்சாரக் கடிகாரம் மாட்டிவிட்டார்கள், பிரச்சினை இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பெரிய மேடத்திடம் போனாள். பதிவு அறைக்கு அவர்தான் தலைமை.

பெரிய மேடம் படத்தைப் பார்த்தார். "ஆறு நிமிஷத்தைக் கழிச்சுட்டாப் போச்சுன்னு சொல்ல வந்திருக்கே."

"ஆமா மேடம்."

"எதனால ஆறு?"

"தெரியல."

"இந்தச் சரிவு?"

"அதுவும் தெரியல."

"தெரியாததைக் கழிக்கக் கூடாது." மேடம் ஒரு பழைய நோட்டை எடுத்துப் பிரித்தார். தொலைநோக்கிக்குப் படியேறுவதற்கு முன்னால், கீழே இருக்கிற நிலையக் கடிகாரத்தோடு தன் கைக்கடிகாரத்தை ஒப்பிட்டு, 'ஒப்பிட்டது' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். "பாரு, உங்க மாமனார் ஒரு நாள் விடாம டிக் போட்டிருக்கார். அப்போ கடிகாரம் சரி. கடிகாரம் சரின்னா கோளாறு வேற எங்கயோ. கேமரா மூடியிலயா, தொலைநோக்கி ஓட்டத்துலயா? அதுக்கெல்லாம் திருத்தற விதம் வேற. நாம தப்பான காரணத்துக்குத் திருத்திட்டா, முப்பது வருஷம் கழிச்சு ஒரு பொண்ணு நம்மளை நம்பி மோசம் போவா."

"அப்போ 'இ' தானா மேடம்?"

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் பட்டியலைப் பூட்டறோம். அதுக்குள்ள காரணம் கொண்டுவா. யார் சொன்னாங்க, எதை வச்சு சொன்னாங்கன்னு எழுதற மாதிரி காரணம். அன்பா இருக்கிற காரணம் வேண்டாம்."

திரும்பி வந்தவளைப் பார்த்துத் தூசி கேட்டார், "என்னம்மா, முகம் விழுந்து கிடக்கு?"

"வீட்டுக்குப் போய் மாமாகிட்ட 'உங்க நேரம் சரியில்ல'ன்னு சொல்லணும்."

"அதை ஜோசியக்காரன் சொன்னாலே அடிப்பாங்க. நீ தலையில ஹெல்மெட் போட்டுட்டே சொல்லு."

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் அவள் பதமாக ஆரம்பித்தாள். பதமெல்லாம் இரண்டு வாக்கியம்தான் தாங்கியது.

"என்னது? என் நேரம் தப்பா?"

"தப்புன்னு சொல்லல மாமா. ஒரே அளவா ஆறு நிமிஷம்..."

"ஆறு நிமிஷமா! ஆறு நொடின்னாலே நான் ஒத்துக்க மாட்டேன். ஏம்மா, இந்தக் கையைப் பாரு. நாப்பத்தஞ்சு வருஷமா இதே கடிகாரம். அந்தக் கம்ப்யூட்டருக்கு எத்தனை வயசு?"

"தினமும் நிலையக் கடிகாரத்தோட ஒப்பிட்டீங்களா மாமா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"டிக் இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன கேள்வி?" தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கோபம் மூக்குக்கு மேல். எழுந்து போகிறவர் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மாமியார் தொட்டிக்கு முன்னால் நின்று, கழுவிய தம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"அந்தக் கோடு நடுவுல சரியுதுன்னியே, எந்த மாசம்?"

மருமகள் வருஷத்தையும் மாசத்தையும் சொன்னாள். ஆறாம் மாசம் தொடங்கி எட்டாம் மாசக் கடைசி வரை.

"ம்" என்றார் மாமியார். தம்ளரைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் மாமனார் நடைக்குக் கிளம்பினதும் மாமியார் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். மருமகளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"என் தங்கச்சிக்கு ரெட்டைக் குழந்தை பொறந்தப்போ மூணு மாசம் போய் இருந்தேன். ஆறு, ஏழு, எட்டு. நீ சொன்ன அதே மூணு மாசம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன அத்தை?"

"சொல்றேன், குறுக்க பேசாதே, நின்னுட்டா அப்புறம் வராது." மாமியார் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். "மலைமேல நிலையத்துக்குப் போற பஸ் ஒரு நாளைக்கு ஒண்ணுதான், அஞ்சரைக்கு. விட்டா நாப்பது நிமிஷம் ஏறி நடக்கணும். உங்க மாமா இருக்காரே, கடிகாரத்துல அஞ்சரை அடிச்சப்புறம்தான் செருப்பையே தேடுவார். கல்யாணம் ஆன புதுசுல வாரத்துல மூணு நாள் நடைதான். சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தேஞ்சுது. அப்புறம் சொல்றதை விட்டுட்டேன்."

"விட்டுட்டு?"

"ராத்திரி வேலை, பகல்ல தூங்குவார். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற வேலை என்னுது. மத்தியானம் ஒரு மணிக்கு ரேடியோவில மணி அடிக்கும். அதைப் பாத்துச் சரியா வைப்பேன். வச்சுட்டு, ஆறு நிமிஷம் முன்னால தள்ளிடுவேன்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது.

"தினமுமா அத்தை?"

"தினமும். அதனாலதானே அது 'நொடி தப்பாம' ஓடிச்சு. அந்தக் கடிகாரம் ஒரு நாளைக்கு நாலு நொடி பின்னால போற கடிகாரம், எனக்குத்தானே தெரியும். நான் தங்கச்சி வீட்டுக்குப் போனேனா, அவரே சாவி கொடுத்துக்கிட்டார், சரி பண்ணல. தானா கீழ இறங்கியிருக்கு."

மருமகள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். தொண்ணூறு நாள், நாளுக்கு நாலு நொடி. முன்னூற்றறுபது நொடி. கச்சிதமாக ஆறு நிமிஷம்.

"அந்த ஒன்பது?"

"பஸ் நிறுத்தத்தைத் தள்ளிக் கொண்டுபோய்ட்டாங்க. நடக்க இன்னும் மூணு நிமிஷம் ஆச்சு. நானும் மூணு ஏத்திட்டேன்."

"மாமாவுக்குச் சந்தேகமே வரலயா?"

"அவருக்கா? அந்த பஸ் எப்பவும் ஆறு நிமிஷம் லேட்டுன்னு போக்குவரத்து ஆபீசுக்கு மூணு புகார்க் கடிதம் போட்டவர் அவர்." சிரிக்கத் தொடங்கிய மாமியார் பாதியில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதேடி. அந்தக் கடிகாரம்தான் அவருக்கு எல்லாம்."

"அத்தை, நீங்க சொன்னது போதாது." மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நோட்டுல தினமும் டிக் இருக்கு. ஒப்பிட்டுப் பாத்திருந்தா மொத நாளே ஆறு நிமிஷம் தெரிஞ்சிருக்கும். திருத்தி வச்சிருப்பார். டிக் நிஜம்னா நீங்க சொல்றது பொய். நீங்க சொல்றது நிஜம்னா..."

மாமியாருக்குக் கண் விரிந்தது.

"அப்போ அவரு பாக்கவே இல்லையா?"

"பாக்காமத்தான் டிக் போட்டிருக்கணும்."

"அட!" மாமியார் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த வீட்டுல நான் ஒருத்திதான் திருட்டுத்தனம் பண்ணிக்கிட்டிருந்தேன்னு இத்தனை வருஷமா பயந்துக்கிட்டிருந்தேனே!"

எப்படியும் அவரிடம் போய்த்தான் ஆக வேண்டும். மேலே ஏறும்போது தனியாகப் போனவர் அவர். ஒப்பிட்டாரா இல்லையா என்பதற்கு அவர் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த வாயால் 'நான் பொய் டிக் போட்டேன்' என்று அவர் சொன்னால்தான் தட்டுகள் பிழைக்கும். தட்டு வேண்டுமானால் பேர் போகும், பேர் வேண்டுமானால் தட்டு போகும். முழுப் பூசணிக்காயை நாலு வருஷச் சோற்றில் மறைத்தாயிற்று, இப்போது யார் சோற்றைக் கிளறுவது?

மாமியாரே கிளறினார். வியாழக்கிழமை மாலை, மாமனார் காபி குடித்து முடிகிற வரை பொறுத்திருந்து, எதிரே உட்கார்ந்து, "என்னங்க, ஒண்ணு சொல்லணும். முடியற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது" என்று தொடங்கி, ரேடியோவையும் சாவியையும் ஆறையும் ஒன்பதையும் சொல்லி முடித்தார். மருமகள் சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

மாமனார் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினார். மேஜைமேல் வைத்தார்.

"எதைப் பாத்து வச்ச?"

மாமியாருக்குப் புரியவில்லை. "என்ன?"

"ரேடியோ மணின்னியே. கடைசி அடி அடிக்கும்போதா, முதல் அடிக்கா?"

"கடைசி அடிக்கு."

"ஆறு நிமிஷம்னு எப்படித் தள்ளினே? முள்ளை எண்ணியா, குத்துமதிப்பாவா?"

"கோட்டை எண்ணித்தான். ஆறு கோடு. என்னை என்ன நினைச்சீங்க?"

"நொடி முள்ளு?"

"அது எங்க இருக்கோ இருக்கட்டும்னு விட்டுடுவேன்."

"அப்போ அரை நிமிஷம் இப்படி அப்படி." தலையாட்டிக்கொண்டார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணாம் நாள் பாத்தேன்மா. முதல் மாசம் முழுக்கப் பாத்தேன், நான் கல்யாணத்துக்கு முன்னால வேலைக்குச் சேர்ந்தப்போ. அப்போ கடிகாரம் புதுசு, ஒரு நொடிகூட தப்பல. அப்புறம் எதுக்குப் பாக்கணும்னு... டிக் போடறது கைப்பழக்கமாப் போச்சு."

மேஜைமேல் இருந்த கடிகாரத்தை விரலால் ஒரு தரம் திருப்பி வைத்தார்.

"பதினஞ்சு வருஷம் புதுசா வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், ஒப்பிடாம ஏறாதேன்னு" என்றார். கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளாமலே எழுந்து அறைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை மருமகள் கிளம்பும்போது இரண்டு பேரும் வெளுத்த துணி உடுத்தி வாசலில் நின்றார்கள். "நாங்களும் வர்றோம்" என்றார் மாமனார். "சொல்றதை எழுதி அனுப்பினா நடுவுல யாராவது நல்லவங்க அதைத் திருத்திடுவாங்க."

பதிவு அறையில் பெரிய மேடம் நாற்காலி போடச் சொன்னார். மாமியாரைத் தனியாக ஒரு பக்கம் உட்கார வைத்துத் தங்கச்சி வீட்டுக்குப் போன மாசம், பஸ் நிறுத்தம் மாறிய வருஷம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். கோட்டுப் படத்தைக் காட்டவில்லை. காட்டினால் சாட்சி படத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடும் என்று நினைத்தார் போல. எழுதியதையும் படத்தையும் ஒட்டிப் பார்த்தால், சட்டையும் பொத்தானும் மாதிரிப் பொருந்தியது.

அதற்குள் தூசி பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். "மேடம், அந்த எட்டாம் மாசம் பாருங்க. முதல் தட்டு பல நாள் நாப்பது நிமிஷம் லேட்டு. குறிப்புல சாரே எழுதியிருக்கார், 'பஸ் தவறியது'. பதினோரு தடவை!"

"அந்த மாசம்னு பாத்து பஸ்காரன் சரியா அஞ்சரைக்கு வர ஆரம்பிச்சுட்டான்" என்றார் மாமனார், பழைய கோபத்தோடு.

"அவன் எப்பவும் சரியாத்தாங்க வந்தான்" என்றார் மாமியார். "நான்தான் ஊர்ல இல்ல."

தூசி ஸ்கேனருக்குப் பின்னால் போய் நின்று சிரித்துக்கொண்டார்.

பெரிய மேடம் கம்ப்யூட்டரில் குறிப்பைத் தட்டினார். கைக்கடிகாரம் முந்தி வைக்கப்பட்டிருந்த காலம், அளவு, அரை நிமிஷச் சந்தேகம், சொன்னவர் தட்டு எடுத்த பதிவாளரின் மனைவி, மூன்று மாசச் சரிவுக்கு நோட்டுக் குறிப்பு ஆதாரம். பழைய நேரம் அப்படியே ஒரு பக்கம், திருத்திய நேரம் பக்கத்தில். கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது. எதிரே இருந்தவரைப் பார்த்தார். எண்பத்தொரு வயது மனுஷர். இந்த நிலையத்தில் பாதிப் பேர் அவரிடம் வேலை கற்றவர்கள். மேடம் ஒரு வரியைத் தட்டிவிட்டு, அவர் பக்கம் திரையைத் திருப்பினார். 'சில நாட்களில் ஒப்பீடு விடுபட்டிருக்கலாம்.'

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"இது வேண்டாம்மா."

"சார், அர்த்தம் ஒண்ணுதான். பட்டியலை உலகம் முழுக்கப் பாப்பாங்க. உங்க பேர் இருக்கும்..."

"அதனாலதான் சொல்றேன். 'சில நாள்'னு போட்டா, பின்னால வர்றவங்க எந்தச் சில நாள்னு தேடுவாங்க. ஒரு வருஷம் தேடுவாங்க. கிடைக்காது. ஏன்னா அப்படி ஒரு நாள் இல்ல." விரலால் மேஜையைத் தட்டினார். "எல்லா நாளும்னு போடு. நாலு வருஷமும் பதிவாளர் ஒப்பிடாமலே டிக் போட்டார், அவரே சொன்னார். தேதி போடு. நான் கையெழுத்தும் போடறேன்."

மேடம் மருமகளைப் பார்த்தார். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார், புதுசாக யாரையோ பார்க்கிற மாதிரி.

மேடம் வரியை அழித்தார். அவர் சொன்னபடியே தட்டினார். அச்செடுத்த தாளில் மாமனார் கையெழுத்துப் போட்டார், கீழே மாமியாரும் போட்டார். நேரம் எழுதுகிற இடம் ஒன்று இருந்தது. பழக்கத்தில் மாமனார் இடது கையைத் திருப்பினார், கை வெறுமையாக இருந்தது. தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த நிலையக் கடிகாரத்தைப் பார்த்து, பதினொன்று நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

"எண்ணூத்தி நாப்பதும் ஏறுது சார்" என்றார் மேடம். "'ஆ' தரம்."

"'அ' கிடையாதா?"

"அரை நிமிஷம் சந்தேகம் இருக்கே."

மாமனார் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "கேட்டியா? நொடி முள்ளையும் சேத்து வச்சிருந்தா 'அ' கிடைச்சிருக்கும்."

"அடுத்த தடவை வச்சுடறேன்" என்றார் மாமியார். "எந்திரிங்க, பஸ் பன்னண்டுக்கு."

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்கள் வீட்டில் எழுதி வைக்கிறதெல்லாம் பின்னால் வருகிறவர்களுக்குப் புரிகிறபடி இருக்கட்டும். கைதவறிய இடத்தைச் சொல்லிக்கொள்ள உங்களுக்கு மனசு வரட்டும், சொன்னதைக் கேட்டுக்கொள்ள எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் குறையாமல் எரியட்டும், வெளியே போனவர்கள் எல்லாம் சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேரட்டும், பிள்ளை குட்டிகளோடு நல்லா இருங்க.